செல்லாவுக்கு எடுக்காத ரத்தம்

நஞ்சம்மாள் கண்ணுக்குத் தப்பி ஒரு பனியன் வெளியே போனதில்லை என்று அந்தக் கம்பெனியில் சொல்வார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். எண்பதுகளில் திருப்பூரில் ஏற்றுமதி சூடு பிடித்துக்கொண்டிருந்த நேரம். செக்கிங் டேபிளில் முதல் ஆளாக நின்று, தைத்து வருகிற பனியன்களை உள்ளும் புறமும் புரட்டிப் பார்ப்பது அவள் வேலை. ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ தட்டுப்பட்டால் போதும், பனியன் ஓரமாகப் போய் விழும். டெய்லரின் பேர் சந்திக்கு வரும். "கண்ணை ஊட்டுல கழட்டி வெச்சுப்போட்டு வந்தீங்களா சாமி?" என்பாள். சாமி என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு மானத்தை வாங்குவது கொங்குநாட்டுக்காரர்களுக்குக் கைவந்த கலை.

சொந்த ஊர் பொங்கலூர்ப் பக்கம். அத்தை மகன் வெள்ளையனுக்கே அவளைக் கட்டி வைத்தார்கள். உரிமைப் பெண்ணை வெளியே விட்டுவிடக் கூடாது என்று இரண்டு வீட்டாரும் பிடித்த பிடியில் நின்றார்கள். வேறு யாரும் அவளைப் பெண் பார்க்கக்கூட வரவில்லை. கிணறு வற்றிப்போன வருஷம் குடும்பத்தோடு திருப்பூர் வந்து ஒரு லைன் வீட்டில் குடியேறினார்கள். வெள்ளையன் சாயப்பட்டறையில் மூட்டை இறக்கினார். மூத்தவன் மருதாசலம், நடுவில் செல்லாத்தாள், கடைசி நல்லான். மூன்று பிள்ளைகளும் கஞ்சிக்குக் குறையில்லாமல் வளர்ந்தார்கள். செல்லாத்தாளை எல்லோரும் செல்லா என்றே கூப்பிட்டார்கள்.

மருதாசலம் பதினேழு வயதில் அதே கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் தைக்கிற டெய்லர் ஆகிவிட்டான். நல்ல கை என்று பேர் எடுத்த பையன். எண்பத்தாறாம் வருஷம் திடீரென்று அவன் தைத்த பனியன்களில் தையல் கோணி ஓடியிருந்தது. நஞ்சம்மாளே அவன் பீஸ்களை எடுத்து ஓரமாகப் போட வேண்டியதாயிற்று. பெற்ற மகனென்றும் பார்க்காமல் எல்லோர் முன்னாலும் ஏசினாள். "எந்தக் கடையில போயி ஊத்திட்டு வந்தே?" என்று கேட்டாள். அவன் கையை மடிக்குள் மறைத்துக்கொண்டு நின்றான். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவன் என்பதைக் கம்பெனியில் ஒருவரும் நம்பவில்லை. அவளும் நம்பவில்லை.

பிறகு பேச்சு குழறியது. சம்பந்தமில்லாமல் சிரித்தான். வாயோரம் எச்சில் வடிந்தது. கிளம்பிவிட்டது ஊர் வாய்! காத்துக் கருப்பு என்றார்கள், எவளோ மருந்து வைத்துவிட்டாள் என்றார்கள். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், வேப்பிலையால் அடித்தார்கள். அடி வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளை சிரித்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. புத்திக் கோளாறு என்று மாத்திரை கொடுத்த டாக்டரும் உண்டு. அந்த மாத்திரை தின்றதும் கை கால் மரக்கட்டையாக விறைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் கோயமுத்தூரில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். இளவயசுக்காரர், மதுரைப் பக்கத்து ஆள். மருதாசலத்தின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணுக்குள் வெகு நேரம் பார்த்தார். கருவிழியைச் சுற்றித் துருப் பிடித்த மாதிரி ஒரு வளையம் இருந்தது. கண்ணால் பார்த்தே சம்பளம் வாங்குகிற நஞ்சம்மாளுக்கு அது இதுவரை தட்டுப்படவே இல்லை. டாக்டர் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் தாய் தகப்பன் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"பேயும் இல்ல, பைத்தியமும் இல்லம்மா. நாம சாப்பிடற சாப்பாட்டுல கொஞ்சம் செம்பு இருக்கும். மத்தவங்களுக்கு அது வெளியே போயிடும். இவனுக்குப் போகல. ஈரல்ல தேங்கி, மூளைக்கு ஏறிடுச்சு. ரத்தத்துல செம்பைச் சுமக்கற சத்து ஒண்ணு உண்டு. அது இவனுக்கு ரொம்பக் கம்மியா இருக்கு. அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சோம்."

வெள்ளையன் மெதுவாகக் கேட்டார். "எங்க ஊட்டுல செம்புக் கொடம் ஒன்னு இருக்குதுங்க. அதுனாலயா இருக்குமுங்களா?"

"குடத்தால இல்லைங்க. உங்க ரெண்டு பேர்கிட்டயும் இந்தக் கோளாறு பிறவியிலேயே ஆளுக்குப் பாதி இருந்திருக்கு. பாதி இருந்தா ஒண்ணும் செய்யாது. ரெண்டு பாதியும் இவன்கிட்ட வந்து சேர்ந்துடுச்சு. சொந்தத்துல கட்டினீங்களா?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இவனுக்கு லேட்டாயிடுச்சு. முடிஞ்சதைச் செய்வோம். வீட்டுல இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருக்குன்னு சொன்னீங்களே, அவங்களைக் கூட்டிட்டு வாங்க. கை நடுங்கறதுக்கு முன்னாடியே ரத்தத்துல தெரிஞ்சுடும். அப்பவே மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாது. கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெத்துக்கலாம், எல்லாரையும் போல இருக்கலாம். ஆனா முன்னாடியே பாக்கணும். புரியுதா?"

புரிந்தது. ஊருக்கு வந்த அன்றே நஞ்சம்மாள் செம்புக் குடத்தைப் பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதுதான் தள்ளித் தள்ளிப் போயிற்று. மருதாசலத்தைக் கிடத்திப்போட்டுப் பார்ப்பதற்கே பகல் போதவில்லை. சோற்றைக் குழைத்து ஊட்டினாலும் தொண்டையில் இறங்காது, புரையேறிக் கண் பிதுங்கும். மாத்திரை சாப்பிட்டும் தேறவில்லை. அடுத்த வருஷம் சளி நெஞ்சில் கட்டி, அம்மாவின் மடியிலேயே அடங்கிப்போனான். எடுத்துப் போடும்போது காய்ந்த சோளத்தட்டுப் போல இருந்தான். கேட்டவர்களிடமெல்லாம் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று நஞ்சம்மாள் சொல்லி வைத்தாள். அந்த ஒரு பேச்சைத்தான் அவள் பிறகு காப்பாற்ற வேண்டி வந்தது.

காரியம் முடிந்து கொஞ்ச நாளிலேயே வெள்ளையன் நினைவுபடுத்தினார். "டாக்டரு சொன்னாரல்லோ. ரெண்டையும் கூட்டிட்டுப் போயி ரத்தத்தப் பாத்துட்டு வந்துரு."

அவள் நல்லானை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். செல்லா பெரியவளாகி, தாவணி போட்டுக்கொண்டு நடமாடிய நேரம் அது. பையனுக்கு ஊசி குத்தினால் எவன் கேட்கப்போகிறான்? பெண்ணைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள் என்று தெரிந்தால் லைன் வீட்டில் உள்ள அத்தனை வாயும் திறந்துகொள்ளும். அண்ணன் செத்த சீக்கு தங்கைக்கும் இருக்கிறதாம் என்று பொங்கலூர் வரைக்கும் போகும். அப்புறம் யார் கட்டுவான்?

நல்லானின் ரத்தத்தில் குறை இல்லை. டாக்டர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். "எங்கேம்மா பொண்ணு?" என்றார்.

"பள்ளிக்கோடம் போயிருக்குதுங்க. அடுத்த வாட்டி கூட்டியாறேனுங்க."

"மறந்துடாதீங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாப் பாக்கணும். தம்பிக்கு இல்லைங்கறதால அக்காவுக்கு இல்லைன்னு ஆகாது."

சரிங்க, சரிங்க என்று தலையை ஆட்டினாள். காதில் விழாமல் இல்லை. நன்றாக விழுந்தது. பஸ் சூலூர் தாண்டுவதற்குள் அதை ஒதுக்கி வைக்க அவளுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அந்த வழி கம்பெனியிலிருந்து வந்தது.

சாயப்பட்டறையிலிருந்து துணி வந்தால் லாட் லாட்டாகப் பிரித்து அடுக்குவார்கள். ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் ஏறிய துணி ஒரு லாட். அதன் ஓரத்தில் ஒரு சாண் வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். நிறம் சரியாக இருந்தால் லாட் மொத்தமும் பாஸ். மீதியை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். வருஷக்கணக்காக அவளே அப்படிப் பார்த்து அனுப்பியிருக்கிறாள், ஒரு தடவையும் பிசகினதில்லை. ஒரே வயிறு, ஒரே அப்பன், ஒரே சோறு. மூத்தது ஏதோ டேமேஜ் ஆகிவிட்டது. கடைசி நன்றாக இருந்தால் நடுவில் உள்ளதும் நன்றாகத்தானே இருக்கும்?

இதை அவள் ஒச்சாயியிடம் சொன்னாள். ஒச்சாயி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், செக்கிங் டேபிளில் அவளுக்கு எதிரில் நிற்கிறவள். மருதாசலத்தின் சீக்கைப் பற்றி உள்ளது உள்ளபடி தெரிந்த ஒரே வெளியாள். அவள் கையிலிருந்த பனியனைக் கீழே போட்டாள்.

"ஏக்கா, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? இந்தப் பனியனை ஒண்ணொண்ணாத்தானே பெரட்டிப் பாக்குற? ஒண்ணைப் பாத்துட்டு மத்ததைப் பாசுன்னு விட்டுருவியா?"

"அது தையலு. பீஸுக்குப் பீஸு மாறும். ரத்தம் ஒன்னுதானே."

"பொட்டப்புள்ளைக்குப் பாக்குறதுல ஒனக்கு என்ன நோவு?"

"நோவு ஒனக்கென்ன தெரியும்? நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? நீயா கட்டி வெப்பே?"

"கட்டாட்டி போகட்டும்க்கா. உசுரோட இருக்குமே!"

நஞ்சம்மாளுக்கு வந்ததே கோபம்! மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. பிள்ளைகள் தொட்டியில் ஏறின சாயமா, தனித்தனியாகத் தைத்த பனியனா என்று நின்று யோசித்திருந்தால் அவளுக்கே விளங்கியிருக்கும். கெட்டிக்காரிதான். ஆனால் கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு, எந்தக் கணக்கு வசதியோ அந்தக் கணக்கைத்தான் அவள் போட்டாள். வெள்ளையன் கேட்டபோது, "ரெண்டு பேருக்கும் பாத்தாச்சுங்க, ஒன்னுமில்லீங்களாமா" என்று சொல்லிவிட்டாள். அந்த மனுஷன் மேலே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் வேலை செய்யும் சென்னியப்பன் வீட்டிலிருந்து தொண்ணூற்று ஒன்றில் பெண் கேட்டு வந்தார்கள். பையனின் அம்மா கருப்பாத்தாள் விவரமானவள். "மூத்த பையனுக்கு என்னாச்சுங்க?" என்று முதல் பேச்சிலேயே கேட்டாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்ற பேச்சை நஞ்சம்மாள் கண் கலங்கச் சொன்னாள். கலங்கியது நிஜம்தான். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மகள் பஸ் ஏறியபோது நஞ்சம்மாளுக்கு நெஞ்சை அமுக்கிய பாரம் இறங்கியது.

செல்லா மாமியார் வீட்டில் குறை சொல்ல இடம் வைக்காமல் இருந்தாள். இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. அதற்கு மேல் மாதக் கணக்கே தப்பிப் போயிற்று. கருப்பாத்தாள் ஜாடை பேச ஆரம்பித்தாள். நஞ்சம்மாள் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டாள். குழந்தை தங்காததற்கும் அந்தச் சீக்குக்கும் உறவு இருக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் கோயமுத்தூரில் இருந்தார்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் ஆடி நோம்பிக்கு செல்லா தாய் வீட்டுக்கு வந்தாள். கோழி அடித்துக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. செல்லாதான் அப்பனுக்கும் தம்பிக்கும் பரிமாறினாள். குழம்பை எடுக்கும்போது கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் கடகடவென்று அடித்தது. இலைக்குப் போகிற குழம்பு பாதி தரையில் விழுந்தது.

"என்னம்முணி கையி?" என்றாள் நஞ்சம்மாள்.

"ஒன்னுமில்லம்மா. பலகீனமாட்ட இருக்குது. அங்கயும் அப்படித்தான், டம்ளரு கை நழுவிப் போகுது. அத்தை திமிருல போடறேங்கறாங்க." சொல்லும்போது வார்த்தை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

நஞ்சம்மாள் கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள். மகளின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். முகவாயைத் தூக்கி, வெயிலில் கண்ணைப் பார்த்தாள். இந்தத் தடவை என்ன தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அது அங்கே இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், அவளுக்குப் பரிந்து பேசுகிறவர்கள்கூட இதை மறைக்கக் கூடாது. அந்த நிமிஷத்திலும், அந்த வெயிலில் நின்றுகொண்டு, சென்னியப்பன் வீட்டுக்குத் தெரியாமல் எப்படி மாத்திரை கொடுப்பது என்றுதான் அவள் மனசு முதலில் ஓடியது. அப்புறம்தான் மகளைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். செல்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "குழம்பு சிந்துனதுக்கா இப்படி அழுகறே?" என்று அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கோயமுத்தூர் டாக்டருக்குக் காதோரம் நரைத்திருந்தது. அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பியக் கூட்டிட்டு வந்தீங்கள்ல? இந்தப் பொண்ணைத்தானே பள்ளிக்கூடம் போயிருக்குன்னு சொன்னீங்க?"

நஞ்சம்மாள் மகளின் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டாள். செல்லா கையை நீட்டினாள். ஊசி ஏறி ரத்தம் குழாயில் நிறைந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அட, எறும்பு கடிச்சாப்பல இருக்குது. அவ்வளவுதானா?" என்றாள்.

அவ்வளவுதான். அந்த எறும்புக் கடியிலிருந்துதான் நஞ்சம்மாள் மகளை இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்தாள்.

முடிவு வந்தது. அண்ணனுக்கு வந்த அதே முடிவு. "மாத்திரையை இப்பவே ஆரம்பிக்கலாம். உயிரைக் காப்பாத்திடலாம்னு நம்பறேன். மூளையில ஏற்கெனவே போனது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. முதல்ல கொஞ்சம் அதிகமாகவும் செய்யலாம், பயந்து நிறுத்திடக் கூடாது" என்றார் டாக்டர்.

"அன்னைக்கே பாத்திருந்தா?" என்று கேட்டாள் நஞ்சம்மாள். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

அவர் மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டினார். "மாத்திரை வாங்கறதுக்கு மட்டும் வருஷத்துக்கு ரெண்டு தடவை இங்க வந்துட்டுப் போயிருப்பா. கையில ஒரு குழந்தையோட வந்திருப்பா" என்றார்.

அன்றைக்கு வெள்ளையனும் கூட வந்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "எங்கிட்டக்கூடப் பொய் சொன்னயா நஞ்சி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகு அவள் பரிமாறினால் தின்பார், கேட்டால் பதில் சொல்வார். தானாக ஒரு வார்த்தை அவளிடம் பேசினதில்லை.

காங்கேயத்திலிருந்து சென்னியப்பனும் அவன் அம்மாவும் வந்தார்கள். கருப்பாத்தாள் வாசலில் நின்றே வாங்கு வாங்கென்று வாங்கினாள். "தெரிஞ்சே எங்க தலையில கட்டிப்போட்டீங்களே! நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா? எங்ககிட்டச் சொல்லீருந்தா வேண்டாம்னு போயிருப்போம். மாத்திரை தின்னுக்கிட்டு உங்க புள்ளையாவது நல்லா இருந்திருக்குமே!" கடைசியில் சொன்னது திட்டில்லை, அதனால்தான் அது நஞ்சம்மாளை ஆழமாகக் குத்தியது. சென்னியப்பன் உள்ளே வந்து செல்லாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். ஒடம்பு தேறட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன் என்றான். வரவில்லை. அவன்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னபடியே முதல் மாதங்களில் அதிகமாயிற்று. செல்லாவுக்கு நடை பிசகியது, கழுத்து ஒரு பக்கம் கோணிக்கொண்டது, பேச்சு தேய்ந்துகொண்டே போயிற்று. நஞ்சம்மாள் கம்பெனியை விட்டு நின்றாள். ஒச்சாயி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து துணி துவைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு நாளும் அவள் வாயில் வரவில்லை. வந்திருந்தால்கூட நஞ்சம்மாளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பேச்சு மிச்சமிருந்த நாளில் செல்லா ஒரு தடவை கேட்டாள். "தம்பிக்கு மட்டும் ஏம்மா பாத்தே?"

"உனக்கு நல்ல எடத்துல முடியோணும்னுதான் கண்ணு..."

செல்லா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அம்மாவோடு பேசவில்லை. பேச முடியவில்லையா, பேசவில்லையா என்று நஞ்சம்மாளுக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை. வாயைத் திறந்து காட்டுவாள், சோறு வாங்குவாள், மூடிக்கொள்வாள்.

தைக்குப் பிறகு ஒரு காலையில் ஊட்டிய சோறு புரையேறி, செல்லாவுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. முதுகில் தட்டித் தட்டி ஒருவழியாகச் சரிப்படுத்தினாள் நஞ்சம்மாள். கையெல்லாம் எச்சிலும் சோறுமாக அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எத்தனை மாதமாக அடக்கி வைத்ததோ, தலையைச் சுவரில் மோதிக்கொண்டு கதறினாள்.

"என்ற சாமி, உன்னய நானே கொன்னுபோட்டேனே! நாஞ் செத்துப் போறேன். ஏதாச்சும் கெணத்துல உளுந்து செத்துப் போறேன். நானெல்லாம் எதுக்கு உசுரோட இருக்கோணும்?"

செல்லாவின் கை அசைந்தது. நடுங்கி நடுங்கி வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்தது. வாய் கோணி, தொண்டைக்குள்ளிருந்து ஒரு வார்த்தை வந்தது.

"சா... காதே."

நஞ்சம்மாள் அழுகையை நிறுத்தினாள். மகள் பேசிவிட்டாள். மன்னித்துவிட்டாள் என்று ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. முகத்தை மகளின் முகத்தோடு வைத்துக்கொண்டு, "சொல்லு கண்ணு, சொல்லு என்ற தங்கம்" என்றாள்.

செல்லா அவளையே பார்த்தபடி, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கிப் பிடுங்கிச் சொன்னாள்.

"நீயி... செத்துட்டா... எனக்கு... ஆரு... சோறு... ஊட்டுவா?"

நஞ்சம்மாள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, மிச்சச் சோற்றை இன்னும் தண்ணீர் விட்டுக் குழைத்தாள்.